நகல், தக்க நடவடிக்கைக்கு

ஞானதாஸ் எழுதும் மனுவில் ‘கொடூரமாக’ என்ற சொல் இருக்காது. எத்தனை அடி, எதனால், உடம்பில் எந்த இடத்தில், பார்த்தவர் யார் என்றுதான் இருக்கும். சேலத்துக்கு மேற்கே ஒரு தாலுகா கச்சேரி வளாகத்தில், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பதினேழு வருஷமாக அவர் மனு எழுதி வந்தார். சேலத்தில் பாதிரியார் வீட்டுச் சமையல்காரரின் மகன். படிப்பு நாலாம் வகுப்பு. கச்சேரிப் பலகையில் ஒட்டும் ஆங்கில உத்தரவுகளை வரிவரியாகப் படியெடுத்து, புரியாத சொல்லைப் பாதிரியாரிடம் கேட்டு, அந்த மொழியைக் கைவசப்படுத்திக்கொண்டவர்.

எழுதி முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டுவார். கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கைநாட்டு வாங்குவார். சாட்சிகளுக்குத் தகப்பன் பெயரோ புருஷன் பெயரோ, ஊர், தெரு, வாசல் பார்த்த திசை வரை எழுதுவார். விலாசம் அரைகுறையாக இருந்தால் மனுவைத் தள்ளிவிட அது ஒன்றே போதும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

1932 ஆவணியில், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பாப்பாயி அவரிடம் வந்தாள். அவள் புருஷன் மருதாசலம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டுக்காரன். கள்ளுக்கடை மறியலில் நின்றான் என்று திங்கட்கிழமை போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை, வாந்திபேதியில் செத்துவிட்டான் என்று சொல்லியனுப்பினார்கள். அவள் போய்ச் சேருமுன் உடம்பையும் எரித்துவிட்டார்கள்.

“எம்பட புருசன் வாந்திபேதில சாவலீங்க சாமி. அடிச்சுக் கொன்னுபோட்டாங்க. அதெ ஆராச்சும் ஒரு காயிதத்துல ஒத்துக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

“பார்த்தவங்க இருக்காங்களா, அம்மிணி?”

பாப்பாயி கூட வந்தவளை முன்னால் தள்ளினாள். செல்லாயி, காவல் நிலையத்துக்கு எதிரே மோர் விற்பவள்.

“புதங்கெழமெ, வெய்யலேறுற நேரமுங்க. ரெண்டு பேரு தாங்கிக் கெணத்தடிக்குக் கொண்டாந்தாங்க. முதுகுல தோலில்லீங்க. நாந்தான் ரெண்டு சொம்பு மோரு ஊத்துனேன். பூராத்தையும் குடிச்சுப்போட்டு உக்காந்திருந்தாரு. வாந்திபேதிக்காரனுக்கு மோரு தங்குமுங்களா?”

மோர் சங்கதியை ஞானதாஸ் தனிப் பத்தியாக எழுதினார்.

மனு கலெக்டருக்குப் போனது. ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு படிப்படியாகக் கீழே இறங்கி, மருதாசலத்தை வைத்திருந்த அதே இன்ஸ்பெக்டரிடம் வந்தது. உண்மையில்லை என்று அவர் எழுதினார். அடுத்து ஞானதாஸ் அவளுக்காகச் சென்னை அரசாங்கத்துக்கு எழுதினார். அதுவும் அதே வழியில் இறங்கி அதே மேசைக்கு வந்தது. எந்த மனுவானாலும் கடைசியில் யார்மீது புகாரோ அவரிடமே போய் நிற்கும் என்பது ஞானதாஸுக்குப் புதிதல்ல. அந்த வழியில் போகாத ஒரு விலாசம் வேண்டியிருந்தது.

தை மாதம், பாதிரியார் வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றில் அது கிடைத்தது. ஐரோப்பாவில் பல தேசத்துப் பெரிய மனிதர்கள் கூடி நடத்தும் ஒரு நீதிச் சங்கம். எந்த நாட்டிலும் அரசாங்கத்தால் கொடுமைக்கு ஆளானவர்கள் தங்களுக்கு எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

“அவிங்க நம்ம இன்ஸ்பெக்டருக்கு ஒறமொறையில்லீங்களே?” என்று கேட்டாள் பாப்பாயி.

“கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க, அம்மிணி. இவரைத் தெரியவே தெரியாது.”

நான்கு பக்கம். வழக்கம்போல் வாசித்துக் காட்டி, இரண்டு பெண்களும் திருப்பிச் சொல்லி, கைநாட்டு வைத்தார்கள். வழக்கம்போல் விலாசமும் முழுதாக எழுதினார்.

ஆனி மாதம் இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அந்த நான்கு பக்கமும் கிடந்தன. மேலே சங்கத்தின் கடிதம் தைத்திருந்தது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை; ஆகவே மனுவைத் தக்க நடவடிக்கைக்காக அந்த அரசாங்கத்துக்கே அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தது. அடியில் லண்டன், டில்லி, சென்னை, சேலம் என்று வரிசையாக முத்திரைகள். கடைசி முத்திரைக்குக் கீழே, ‘விசாரித்து அறிக்கை அனுப்புக.’

“என்னய்யா ஞானதாஸ், கலெக்டர் பத்தலைன்னு கப்பலேறிட்டியா?” இன்ஸ்பெக்டர் சிரித்தார். “ஆனா உன் எழுத்து எழுத்துதான்யா. செல்லாயி வீட்டுக்கு எவன்கிட்டேயும் வழி கேக்க வேண்டாம். வடக்குப் பார்த்த வாசல், எதிரே கல்தொட்டின்னு நீயே போட்டுக் குடுத்துட்டே.”

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“ரெண்டு பேரும் விஷயம் தெரியாம கைநாட்டு வச்சாங்கன்னு எழுதிக் குடு. உன் சீட்டு போறதோட முடிஞ்சுடும். இல்லேன்னா பொய்ப்புகார்னு ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுவேன். திங்கட்கிழமை வரைக்கும் டயம்.”

மறுநாளே ஞானதாஸ் ஊருக்குப் போய் இருவரிடமும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“எம்பேரெ எடுத்துப்போடுங்க சாமி,” செல்லாயி அழுதாள். “நாளைக்கும் அவிங்க வாசல்லதானுங்க நான் மோருப் பானையெ எறக்கோணும்.”

பாப்பாயி செல்லாயியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அவளெ உட்டுருங்க. என்னுது இருக்கட்டும்.”

“செயில்ல போட்டுருவாங்க, அம்மிணி.”

“போடட்டுமுங்க. தெரியாமெ வெச்சேன்னு சொன்னா, வாந்திபேதிதான்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமில்லீங்க?”

“தப்பு என்மேலதான். விலாசத்தை விட்டிருக்கலாம்.”

“உட்டிருந்தா, இப்படியொரு பொம்பளையே இல்லீன்னு எழுதியிருப்பாங்க. நீங்க வேற.”

திங்கட்கிழமை ஞானதாஸ் இரண்டு தாள் கொடுத்தார். செல்லாயிக்கு மனுவை வாசித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினேன் என்று ஒன்று. பதினேழு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இன்னொன்று பாப்பாயியின் வாக்குமூலம்: தெரிந்துதான் வைத்தேன், முதுகில் தோலில்லாதது வரை மனுவில் சொன்னதெல்லாம் நடந்தது.

பாப்பாயிக்கு மூன்று மாதம் சிறை. ஞானதாஸின் அனுமதிச் சீட்டு ரத்தானது. அவர் ஜலகண்டாபுரத்தில் ஜவுளி வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதப் போனார். ஒரு விஷயத்தை மட்டும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: சங்கத்துக்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும்; பதிலோடு பாப்பாயியின் வாக்குமூலமும் இணைப்பாகப் போகும். இந்த முறை அரசாங்கமே அதைச் சுமந்துகொண்டு போகும்.

அப்படியே போனது. மறுவருஷம் மாசியில் சங்கத்திடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பாப்பாயியைத் தேடிப் போனார். அவள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று வாசித்தார். அரசாங்கம் கொடுத்த முழுமையான விளக்கத்துக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது. இணைப்புகள் பார்வையிடப்பட்டன. இத்துடன் கோப்பு முடிக்கப்படுகிறது.

“நாஞ்சொன்னதெப் படிச்சாங்களாங்க?”

“படிச்சிருக்காங்க, அம்மிணி. இணைப்புன்னா அதுதான்.”

“முதுகுல தோலில்லீங்கறதெயுமா?”

“அதுவும் அதுலதான் இருந்துது.”

அவள் மடியிலிருந்த பருத்தியை அமுக்கிவிட்டுக்கொண்டாள். “படிக்காமெ உட்டிருந்தாக்கூட மனசு ஆறும். ஆருங்க கையெழுத்துப் போட்டிருக்கறது? பேரென்ன?”

ஞானதாஸ் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு நீண்ட கோடும் அதன்மேல் ஒரு சுழியும் இருந்தன. எத்தனையோ அதிகாரிகளின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண்ணுக்கும் அது பிடிபடவில்லை.

“பேரு படிக்க முடியலை.”

“எம்பேரு, எம்பட ஊரு, வாச எந்தப் பக்கமுங்கற வரைக்கும் அவனுக்குத் தெரியும். அவம் பேரு மட்டும் படிக்க முடியாதாக்கும்!” என்று சிரித்துவிட்டு, பாப்பாயி அடுத்த சாலுக்கு நகர்ந்தாள்.