அரண்மனைக் கல்யாணமும் அங்கிளின் நடையும்

தலைக்கு மேல் ஒரு காலடி விழும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு அடுத்த காலடி. நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் நான் வாடகைக்கு இருந்தபோது, ஒரு வசந்த காலம் முழுக்கச் சாயங்கால வேளைகளில் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மரத்தால் கட்டிய வீடு. மேலே பூனை நடந்தாலும் கீழே தெரியும். பேய் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தைரியம் அதிகம். போர்வையைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு மிகத் தைரியமாக யோசித்தேன். நம்மூர்ப் பேய்க்கு இங்கே வர விசா கிடைத்திருக்காது, உள்ளூர்ப் பேய் என்றால் அதனோடு பேச என் ஆங்கில உச்சரிப்பு போதாது. ஆகவே பேசாமல் படுத்திருப்பதே நல்லது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் காபிக்குப் பால் வாங்கும் சாக்கில் படியேறி எட்டிப் பார்த்தபோது, ஹாலில் நடந்துகொண்டிருந்தவர் வீட்டுக்கார அங்கிள். இடது கையை முழங்கையில் மடக்கி, யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருந்தார். ஒரு அடி, ஒரு நிறுத்தம், இன்னொரு அடி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை. நான் பால் வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன். பேயாகவே இருந்திருந்தால் அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அங்கிள் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். மருந்துக் கம்பெனியில் வேதியியல்காரர். நான் ஈரோடு என்ற ஒரே தகுதியில் எனக்கு அந்த அறை கிடைத்தது. மற்ற தகுதிகளைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது, ஏனென்றால் அப்போது எனக்கு வேலை இருந்த மாதங்களைவிட அடுத்த ப்ராஜெக்டுக்குக் காத்திருந்த மாதங்களே அதிகம். அங்கிளுக்கு ஒரே மகள், இங்கேயே பிறந்தவள், பாஸ்டனில் வேலை. ஒரு வெள்ளைக்காரப் பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள். சர்ச்சில் கல்யாணம். அங்கே அப்பாதான் பெண்ணைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட வேண்டும். அவள் அதைக் கேட்கத்தான் ஒரு நாள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், ஓசி தோசைக்கு மேலே போயிருந்த நானும் கேட்டேன்.

"அப்பா, வில் யூ வாக் மீ?" என்றாள்.

"நான் வரமாட்டேன். நீங்களே பார்த்துப் பண்ணிக்குங்க" என்றார் அங்கிள்.

"ஓகே அப்பா. ஐ ரெஸ்பெக்ட் தட்" என்றாள். வைத்துவிட்டாள்.

அங்கிள் போனைக் கையிலேயே வைத்திருந்தார். கோபப்பட்டவரைப் போல இல்லை. பேருந்து நிற்காமல் போய்விட்டதைப் பார்ப்பவரைப் போல இருந்தார். எனக்கு அந்த முகம் உடனே புரிந்தது, ஏனென்றால் நானும் அந்தப் பக்கத்து ஆள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் "வரமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது முடிவல்ல, ஆரம்பம். அதற்குப் பிறகுதான் ஆட்கள் கிளம்பிப் போக வேண்டும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், மறுபடியும் கூப்பிட வேண்டும். வராதவரை வரவைப்பது கல்யாண வேலைகளில் ஒன்று, பந்தல் போடுவதைப் போல. அங்கிள் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார். அடுத்த பங்கு இருப்பதே மகளுக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒருவர் முடியாது என்றால் அதை மதிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் மதித்துவிட்டாள்.

ஆன்ட்டியிடம் மெதுவாகக் கேட்டேன், நீங்கள் கூப்பிட்டால் வரமாட்டாரா என்று. "பொண்டாட்டி கூப்புடறதெல்லாம் ஒரு அழைப்பாப்பா? அது கணக்குல வராது" என்றார். அவர்களுடைய நண்பர்களோ, அவர் முடிவு அவருக்கு, நாம் தலையிடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லோரும் இந்த ஊருக்கு வந்து நாகரிகம் கற்றுக்கொண்டிருந்தோம்.

லண்டனில் அரண்மனைக் கல்யாணம் நடந்தது அந்தச் சமயத்தில்தான். எங்களுக்கு அது காலை இட்லி நேரம். ஆன்ட்டியின் சிநேகிதிகள் பட்டுப்புடவையோடு வந்தார்கள், லண்டன் கல்யாண வழக்கப்படி தலையில் தொப்பி. ஒருவர் கொலு பொம்மைக்கு வாங்கிய ஜிகினாவைத் தன் தொப்பியில் ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும் இறகு வைத்த தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு காகிதத் தட்டை ரப்பர் பாண்டு கட்டித் தலையில் மாட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அதுதான் என்பதால் கடைசி வரை கழற்றவில்லை.

"நம்மள அடிமையா வெச்சிருந்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம இட்லி ஊத்திட்டு உக்காந்திருக்கோம்" என்றார் அங்கிள், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"இட்லி நமக்குத்தானுங்க. அவிங்களுக்கு ஒண்ணும் அனுப்பல" என்றார் ஆன்ட்டி.

குதிரை வண்டி வந்தது. மணப்பெண்ணின் தோடு சின்னதாக இருக்கிறதே என்று ஒருவர் குறைப்பட, அது வைரம் என்று இன்னொருவர் அடக்கினார். பந்தி எத்தனை மணிக்கு, எத்தனை வகைக் கூட்டு என்று ஒரு விசாரணை நடந்தது. ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டு விரட்டிய மண் இது. அந்த மண்ணின் பாட்டி இறகுத் தொப்பிக்கு அடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஜிகினாத் தொப்பியும் அழுதது. யாருக்காக அழுகிறோம் என்று இருவரில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அந்த அமைதி தாங்காது. இரண்டாம் வரிசையில் சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவரைக் காட்டி, "இவர்தான் கோவிச்சுக்கிட்ட சித்தப்பா. அரண்மனை ஆளுங்க நேத்து தாம்பாளத்தோட போய்க் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் பேப்பரை மடித்தார்.

திரையில் மணப்பெண்ணின் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு நீளமான சிவப்புக் கம்பளத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டுப்பா" என்றார் அங்கிள் என்னிடம். ஓட்டினேன். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, கிரீடங்களைப் பார்க்கவில்லை, அந்த அப்பாவின் காலையே பார்த்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, தொப்பிகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அங்கிள் சொன்னார்: "என் கல்யாணத்துக்கு எங்க பெரியப்பா வரமாட்டேன்னு படுத்துட்டாரு. ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டாங்க. அசையல. மூணாவது தடவை வண்டி கட்டிட்டுப் போனா, மனுசன் குளிச்சு வேட்டி கட்டித் திண்ணீறு பூசி ரெடியா உக்காந்திருக்காரு." சிரித்தார். பிறகு அணைந்திருந்த டிவியைக் காட்டினார். "அந்த ஊட்ல ஒரு வசதி. யார் எங்க நிக்கோணும், எப்ப நடக்கோணும்னு சொல்றதுக்குன்னே ஆள் வெச்சிருக்கான். கோவமா இருந்தாலும் வந்து நின்னுதான் ஆகோணும். நமக்கு இங்க யாரு இருக்கா?"

ராஜாவும் ராணியும் இன்னும் ஏன் விலை போகிறார்கள் என்று எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். நகை, குதிரை, பழைய பெருமை என்று காரணம் சொல்வார்கள். அங்கிள் சொன்னதைவிட நல்ல காரணத்தை நான் இதுவரை படித்ததில்லை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து மேலே காலடிச் சத்தம் ஆரம்பித்தது. ஆன்ட்டி கோயிலுக்கோ கடைக்கோ போயிருக்கும் நேரமாகப் பார்த்து நடப்பார். நாள் ஆக ஆக நடை சீரானது. ஆன்ட்டியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். இப்போது நான் மேற்குக் கரையில், சன்னிவேலில் மேல்மாடியில் குடியிருக்கிறேன். தலைக்கு மேல் கூரைதான், அதற்கு மேல் ஆகாயம். ஆனாலும் சில சாயங்காலங்களில் அடுத்த அடி எப்போது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி இதைக் காது டாக்டரிடம் சொல்லச் சொல்கிறாள்.

மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாளே ஆன்ட்டி கிளம்பிப் போய்விட்டார். நியூ ஜெர்சியின் வடக்குக் கோடியில் ஒரு சின்ன ஊர். கல்யாணத்தன்று காலை நான் காபிக்காக மேலே போனேன். அங்கிள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். புது சூட், டை, திருநீறு. காலில் பளபளக்கும் ஷூ. அந்த வீட்டுக்குள் செருப்புக்கே இடமில்லை. பிளம்பர் வந்தால்கூட வாசலில் கழற்றச் சொல்லும் மனிதர் கம்பளத்தின் மேல் ஷூவோடு உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கார் எடுக்கட்டுங்களா?" என்றேன்.

"எதுக்கு?"

"கல்யாணத்துக்குங்க."

"நான் வரலைன்னுதான் சொல்லிப்போட்டேனே."

போய், அவர் காபிக்குப் பால் வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "வாங்க அங்கிள், போலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கு என்ன உறவு, என்ன உரிமை? மாத வாடகையையே தவணையில் கொடுப்பவன். ஆனால் அந்த வீட்டில் அன்று வேறு பங்காளி யாரும் இல்லை. சமையலறையில் வெற்றிலை தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழமும் ஆப்பிளும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன். விளையாட்டாகச் செய்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக் குனிந்திருந்தேன். "நீங்க வந்து நின்னாத்தானுங்க அது கல்யாணம். வரோணும்" என்றேன்.

அங்கிள் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ இவ்வளவு தூரம் கூப்புடறதால வர்றேன்" என்று எழுந்தார்.

கிளம்பும்போதே நேரம் போயிருந்தது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மேலும் போனது. வழியெல்லாம் அவர் இடது கையை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் சர்ச்சின் கதவைத் திறந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. மகள் முன்னால், மாப்பிள்ளைக்கு எதிரே நின்றிருந்தாள். ஆன்ட்டிதான் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் கடைசியில், சுவரை ஒட்டி நின்றோம். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே, அவர் அத்தனை சாயங்காலங்களாக நடந்த பாதை காலியாகக் கிடந்தது. 

எல்லாம் முடிந்து மணமக்கள் வெளியே வரும்போது அவள் அவரைப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு வந்தாள்.

"நீங்க நோ சொன்னீங்களே அப்பா" என்றாள்.

"நீ இன்னொருக்கா கேப்பேன்னு இருந்தேன் கண்ணு" என்றார்.

அவள் அவர் சூட்டைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கலாம் என்பது தனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டுவிட்டார். படத்தில் அங்கிள் சிரிக்கத்தான் செய்தார்.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சமீபத்தில் அரண்மனை விசேஷம் ஒன்று மறுபடியும் டிவியில் ஓடிக்கொண்டிருந்த நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. மகள். அம்மாவிடம் என் எண்ணை வாங்கினாளாம். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு அப்பாவை எப்படிக் கிளப்பினீர்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாத இடங்களில் பொய்யும் புளுகுமாகப் பேசிப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் ஒரு நாள் உதவிக்கு வந்தது. "நான் எங்க கூப்பிட்டேன்மா? காபி குடிக்கப் போனேன். உங்கப்பா ரெடியாகி நின்னாரு. 'கிளம்புடா, நேரமாச்சு'ன்னு என்னை வெரட்டினாரு" என்றேன்.

"ரியலி?" என்றாள்.

"ஆமா."

போனில் அவள் வீட்டு டிவியின் மேளதாளம் கேட்டது. அதை யாரோ அணைத்தார்கள். "நிஜமாவா அண்ணா?" என்றாள், இந்தத் தடவை தமிழில். ஆமாம் என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீங்க கூப்பிடாமயே, அப்பாவாவே வந்தாங்களா?"

வாழைப்பழமும் ஆப்பிளும் வைத்த அந்தத் தட்டு என் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆமாம்மா" என்றேன்.