விளக்கு வைக்கும் நேரத்து விண்கப்பல்

சுபாங் ஜெயா மண்டபத்தில் பழைய விண்கப்பல் தொடரின் ரசிகர்கள் கூடியிருந்தோம். நான் அட்டையில் செய்து வெள்ளிச் சாயம் பூசிய தலைக்கவசத்துக்கு முதல் பரிசு. பிறகு தொடரின் தொடக்கப் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து கூடவே பாடினார்கள். எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. மூக்கில் சாம்பிராணி வாசம்தான் ஏறியது.

சின்ன வயதில், கிள்ளான் வீட்டில் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தொடர் ஆரம்பிக்கும். சரியாக அதே ஏழுக்கு அம்மா டிவியை அணைத்துவிட்டு விளக்கேற்றுவார். சாம்பிராணிப் புகை ஒவ்வோர் அறையாகப் போய்வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பி நிற்பேன். எந்த வாரமும் தொடக்கத்தைப் பார்த்ததில்லை.

மண்டபத்திலிருந்தே அம்மாவுக்கு போன் போட்டு, இத்தனை வருட எரிச்சலையும் கொட்டினேன்.

"ஏன்டி, அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஆறரைக்கே விளக்கேத்தியிருப்பேன்லா," என்றார்.