தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு வண்டில்

கலியாணம் முடித்துப் பதினொரு மாதமாகியும் என் மனைவியோடு தனியே இருந்து ஆற அமர நான்கு சொல் கதைத்ததில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி நான்தான் பெண் வீட்டுக்குப் போனவன். தெல்லிப்பழையில் அந்த வீட்டில் எங்களைத் தவிர ஒன்பது பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மச்சான் நிற்பான்.

நான் படிப்பித்த பள்ளிக்கூட வாசிகசாலையில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் அந்தப் படத்தைக் கண்டேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஒரு பெட்டி. பாதி மாங்காயைக் கவிழ்த்து வைத்தது போலக் கூரை. உள்ளே இரண்டே பேர் படுக்கலாம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என்னிடம் ஒரு லொடக்குக் கார் வேறு இருந்தது. சித்திரை விடுமுறைக்குள் அப்படியொன்று செய்து, நாங்கள் இருவரும் கீரிமலைக் கடற்கரையில் இரண்டு நாள் தங்கப்போகிறோம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"செய்து முடிச்சால் ரண்டு பேரும் போங்கோ. முடியாட்டி எல்லாருமாப் போய் அங்கை யாத்திரிகர் மடத்திலை தங்குவம்" என்றார். எல்லாருமாக! அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

சட்டமும் அது உருளச் சில்லும் சுளுவாக முடிந்தன. கூரைதான் மல்லுக்கட்டியது. பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வளைத்தால் படாரென்று வெடித்தன. கிடுகு பின்னத் தென்னோலையை ஊறப்போடுகிற ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அவ்வளவையும் கிணற்றடித் தொட்டியில் அமுக்கி மூன்று நாள் ஊறவிட்டேன்.

நாலாம் நாள் காலை மூத்த மச்சான் கத்தினான். "மச்சான், ஓடி வாரும்! உம்மடை கூரை அப்பளமாப் போச்சு!"

பசை கரைந்து, ஒவ்வொரு பலகையும் மூன்று மெல்லிய தகடுகளாகப் பிரிந்து மிதந்தது. விடுமுறைக்கு எட்டே நாள். தொட்டி விளிம்பில் குந்திவிட்டேன். அழுகை வந்தது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. மச்சானோ மடத்தில் தான் படுக்கப்போகும் மூலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான்.

மனைவி வந்து ஒரு தகட்டை எடுத்தாள். வளைத்தாள். வெடிக்காமல் அவளுடைய முழங்கையைச் சுற்றி வந்தது. "இஞ்சை பாருங்கோ, கிடுகு மேயிற மாதிரி ஒண்டின்ரை பொருத்தை மற்றதாலை மூடி, வச்சிரம் பூசி ஒட்டினால் என்ன?"

"ஐயோ, கெட்டிக்காரி!" என்று துள்ளி எழுந்தேன்.

தகடுகளை நிழலில் உலர்த்தினோம். சுடச்சுட வச்சிரப்பசை பூசி, சட்டத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்துக் கயிற்றால் இறுக்கினோம். மழைக்குச் சீலை ஒட்டிப் பெயின்ற் அடித்தோம். பசை நாறிய நாற்றத்தில் மாமி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தேத்தண்ணி கொண்டுவந்தா. எட்டாம் நாள் கயிற்றை அவிழ்த்தோம். கூரை அசையவில்லை. மாமா அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ரண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றார்.

கீரிமலையில் கடலைப் பார்க்க வண்டிலை நிறுத்தி, உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினோம். நல்ல வெய்யில் நேரம். நான் நிமிர்ந்து தலையைக் கூரையில் இடித்துக்கொள்ள, அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"ஏன் பொத்துறீர்? இஞ்சை ஆர் இருக்கினம்?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, வயிறு நோகச் சிரித்தாள். பதினொரு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும், என் மனைவியின் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.