அரிசியா, அரசா

"இந்த வரியை மட்டும் படிங்க" என்று பதிவாளர் என் சுருக்கெழுத்து நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அவருக்குச் சுருக்கெழுத்து படிக்கத் தெரியாது. உத்தேசமாகப் போட்ட கோடு அடுத்த வரியிலும் பாதி ஓடியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் விசாரிக்க வந்த இன்னும் இரண்டு பேரும், இந்தப் பக்கம் நான். சுவரோரமாக ஒரு நாற்காலியில் அரசியல் துறைப் பேராசிரியர் உட்கார்ந்து தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலை அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வேலையும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்பு அலுவலகத்தில் தற்காலிகச் சுருக்கெழுத்தாளர். எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்துவிட்டுப் போன அறக்கட்டளையின் பெயரில் மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம். மாணவர்கள் வருவார்கள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் வருவார்கள், பேச்சு முடிந்ததும் தரும் காபிக்காகவே ஒரு மாதம்கூட விடாமல் வருகிற மாமாக்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. யாரும் வரலாம், யாரும் எழுந்து நின்று எதையும் கேட்கலாம். ஒருமுறை வாசலில் பூ விற்கிற அம்மாள் உள்ளே வந்து, "இம்மாம் நேரம் பேசிக்கினு கீறாரே, தண்ணி எப்ப வரும்னு சொன்னாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று பேசியவர் ஒரு நீர்ப்பாசன நிபுணர்.

நான் மேடைக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேச்சை எடுப்பேன். டேப் ரிக்கார்டரும் ஓடும். பிறகு கார்பன் வைத்து மூன்று பிரதி டைப் அடிக்க வேண்டும். ஒன்று பேசியவருக்கு, ஒன்று பதிப்புக்கு, ஒன்று பதிவாளர் அறைக்கு. பதிவாளர் அறைக்குப் போகிற பிரதியை யாரும் பிரிப்பதுகூட இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பேராசிரியரை எனக்குப் பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை. பேச்சு ரயில் வேகம். எங்கள் கை ஒடிவதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. டைப் அடித்துக் கொடுத்தால் கருத்தைப் பார்க்கமாட்டார். எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று தேடிப் பிடித்து வட்டம் போடுவார். "ஏம்மா, இந்த 'ப்' என்ன பாவம் பண்ணித்து? அதையும் சேர்த்துக்கோயேன்" என்பார். அறையே சிரிக்கும். எனக்குக் காது சிவந்துபோகும்.

மழைக்கால மாலை ஒன்றில் அவர் 'மக்களாட்சியும் கேள்வி கேட்கும் உரிமையும்' என்ற தலைப்பில் பேசினார். அன்று முன்வரிசையில் பதிவாளர் வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் வருவதில்லை. பேச்சு பாதியில் மின்சாரம் போயிற்று. மைக் செத்தது, டேப் நின்றது. பேராசிரியர் நிறுத்தவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே போனார். ஜன்னல் பக்கமாக முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மழை இருட்டில் எழுதினேன்.

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியின் ரேஷன் கடையில் தான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பையில் வாங்கிய அரிசியைத் தராசுத் தட்டிலேயே திருப்பிக் கொட்டி, "இன்னா நைனா இது, நெளிஞ்சிக்கினு கீது! நீ துன்னுவியா இத்த?" என்று அவள் கேட்டாளாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். பிறகுதான் அந்த வரி வந்தது. "அரிசி புழுத்துவிட்டது என்று சொல்லக்கூட ஒரு பல்கலைக்கழகத்தில் பயப்பட வேண்டியிருந்தால், மக்களாட்சி வேறு எங்கே இருக்கப்போகிறது?" கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன் என்று ஞாபகம்.

தமிழ்ச் சுருக்கெழுத்தில் வேகமாக எழுதும்போது உயிர்க்குறிகளைப் போடமாட்டோம். மெய்யெழுத்துகளின் கோடு மட்டும்தான். மீதியை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் அரிசிக்கும் அரசுக்கும் கோடு ஒன்றுதான். வகுப்பில் முதல் மாதமே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்துக்குப் பத்து அரசு வருகிற பேச்சில் நடுவே ஓர் அரிசி வந்தால் கைக்கு என்ன தெரியும்? மறுநாள் தட்டச்சு மேசையில் என் கை அது பாட்டுக்கு 'அரசு புழுத்துவிட்டது' என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஒற்றுகளை எல்லாம் ஒருமுறைக்கு இருமுறை சரி பார்த்தேன். அந்த மனிதரிடம் திட்டு வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் அன்று என் கவலை.

யாரும் பிரிப்பதில்லை என்று நினைத்த மூன்றாவது பிரதியைத்தான் முதலில் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் பேராசிரியருக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. அடுத்த வாரம் விசாரணை என்றார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அறுபது எழுபது பேரில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றார் ஒருவர். காபி ஏற்பாட்டைப் பார்க்க வெளியே போயிருந்தேன் என்றார் இன்னொருவர். சிரித்தவர்களில் ஒருவருக்கும் தாம் எதற்குச் சிரித்தோம் என்று நினைவில்லை. கடைசியில் எல்லாம் என் நோட்டில் வந்து நின்றது.

மெமோ போன அன்றே நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். மேலே ரேஷன் கடை, கீழே என் கோடு. அரசு என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரித்திருக்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அதே மாதம் என் பணி நிரந்தரக் கோப்பு பதிவாளர் மேசையில் இருந்தது. ஏழு வருஷத் தற்காலிகம். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான், என் சம்பளம்தான். அம்மாவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிடப்போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தப்பா அடிக்கறவளை யாருடி பர்மனென்ட் பண்ணுவா? ஒரு மாசம் பல்லைக் கடிச்சுண்டு இரு. அவருக்கென்ன, பெரிய மனுஷர், நாலு பேரைத் தெரியும், சமாளிச்சுப்பார். நமக்கு யார் இருக்கா?"

அம்மா மேல் பழி போட இதை எழுதவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவளிடம் போனேன்.

பதிவாளர் நோட்டைத் திருப்பி வைத்ததும் நான் படித்தேன். "அரசு புழுத்துவிட்டது என்று சொல்லக்கூட..."

"சந்தேகம் ஏதும் இல்லையே?"

"இல்லை சார்."

குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பதிவாளர் பேராசிரியர் பக்கம் திரும்பினார். பதிவாளர் கெட்டவர் அல்ல. தனக்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு காகிதம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். "நான் அப்படிச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். டைப்பிங் தப்புன்னு எழுதி முடிச்சிடறேன்" என்றார்.

டைப்பிங் தப்பு என்றால் அது என் தப்பு. பேராசிரியர் நகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பதிவாளரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மேடையில என்ன சொன்னேங்கறதை ஒரு ஆசிரியன்கிட்ட ஆபீஸ் விசாரிக்கக் கூடாது. அரிசியோ அரசோ, எதைச் சொல்லியிருந்தாலும் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. சொன்னேன்னும் சொல்லமாட்டேன், சொல்லலைன்னும் சொல்லமாட்டேன்."

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தேன். அவரைத் துறைத் தலைமையிலிருந்து எடுத்து அஞ்சல்வழிக் கல்விப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பத்து நிமிஷம் பேசாமல் இருக்கத் தெரியாத மனிதருக்கு மாணவர்களே இல்லாத ஓர் அறையும், திருத்துவதற்குக் கட்டுக் கட்டாக விடைத்தாள்களும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். என்னால் போய்ப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் என்ன சொல்வது?

சொற்பொழிவுகளை நிறுத்தவில்லை. இப்போதும் நடக்கின்றன; மண்டபம் குளிரூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு வந்த வழக்கம் அப்படியே இருக்கிறது. பேசுகிறவர் உரையை இரண்டு வாரம் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் அனுப்ப வேண்டும். அவர் பொறுக்கி எடுத்துப் படிப்பார். பேச்சை எடுக்க ஆளே தேவையில்லை, பேசுவதற்கு முன்பே அது அச்சாகிவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நேரம் இல்லை என்று சொல்லி ஒரு சீட்டுக்கூடப் படிக்கவில்லை.

அவரை மறுபடி பார்த்தது அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், ஆழ்வார்பேட்டையில் ஒரு காபி ஹோட்டலில். தனியாக உட்கார்ந்திருந்தார். வயதுக்கு மீறிய தளர்ச்சி. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எதிரே உட்காரச் சொன்னார். உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன். காபி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. நீங்கள் சொன்னது அரிசிதான், எனக்குத் தெரியும், தெரிந்தே பொய் சொன்னேன் என்று சொல்லி அழுதேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியுமேம்மா" என்றார். "பிரதி கைக்கு வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்போ ஏன் சார் சொல்லல?"

டம்ளரை மேசையில் சுழற்றினார். "நான் எழுதிண்டு வந்த குறிப்புல அரசுன்னுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு மேடை ஏறினேன். முன்வரிசையில பதிவாளரைப் பார்த்ததும் நாக்கு எழும்பாதுன்னு தெரிஞ்சுபோச்சு. கரன்ட் போனப்ப இப்பவாவது சொல்லிடலாம்னு நினைச்சேன். இருட்டுலகூட வரல. அரிசின்னுட்டேன், எல்லாரும் சிரிச்சா. உன் பிரதியைப் பிரிச்சா, சொல்ல நினைச்சது சொன்ன மாதிரியே இருக்கு. அதைப் போய் எப்படி இல்லைங்கறது?"

எனக்கு ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு என்னை உருக விட்டாரே என்று இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "நீ பயந்தே. நானும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அடுத்த வருஷம் போய்விட்டார். நான் அந்த அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை டைப் அடித்தேன். எத்தனையோ அறிஞர்கள் பேசியதை எல்லாம் அடித்திருக்கிறேன். அதில் தைரியமான வாக்கியம் என்று எடுத்துச் சொல்ல எனக்கு அந்த 'அரசு புழுத்துவிட்டது' ஒன்றுதான் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.