விளக்கெண்ணெய்ச் சட்டை

அப்பா இருந்தார், கையில் விளக்கெண்ணெய்க் குடத்தோடு. அம்மா இருந்தாள், இடுப்பில் தங்கச்சியோடு. மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு அண்ணன். என் வகுப்புப் பையன்கள் ஆறு பேர். லீவுக்குக் கோவளத்திலிருந்து வந்த மாமா மகன். கடைசியில் நான். எனக்கு அப்போது பத்து வயது.

அன்று கிருஷ்ண ஜெயந்தி. எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்கு எதிரே இரண்டு வழுக்கு மரம் நடுவார்கள். பெரியவர்களுக்கு ஒன்று. பையன்களுக்கு அதில் பாதி உயரத்தில் ஒன்று. அந்த வருடம் சின்ன மரத்தின் உச்சியில் புது கிரிக்கெட் மட்டையைக் கட்டியிருந்தார்கள். தொட்டவனுக்கு மட்டை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். விழுந்தவன் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மரத்துக்கு எண்ணெய் பூசுவது அப்பா வேலை. முந்தின நாள் கற்றாழைச் சோற்றை வழித்துக் கொடுத்தது நான். அதை விளக்கெண்ணெயில் குழைத்து மூன்று முறை பூசினார். விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நிற்கவில்லை. இதில் ஒருத்தனும் ஏற முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் மட்டை மேல் ஆசை. பெயர் கொடுத்துவிட்டேன்.

மாமா மகன் என்னை விட ஆறு மாதம் சின்னவன். அவன் வந்தாலே எனக்கு வயிறு எரியும். வறுத்த மீனில் நடுத்துண்டு அவனுக்குப் போகும். அப்பா வண்டியில் முன்னால் உட்காருவது நான். அவன் வந்தால் அவன். அன்று அவன் சட்டை பாழாகக் கூடாது என்று என் ஊதாச் சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டாள் அம்மா.

"பழசுதானடா, வுடு," என்றாள்.

எனக்கு அது பழசு இல்லை.

மைக்கில் முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. விழுந்தால் ஊர் சிரிக்கும். அவனும் சிரிப்பான். வயிற்றுவலி என்றேன்.

"இன்னா மச்சான், அப்ப நான் போவட்டா?" என்றான் மாமா மகன்.

போனான். இரண்டு முழம் ஏறினான். சர்ரென்று இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

மற்றப் பையன்கள் இரண்டு தடவை, மூன்று தடவை விழுந்துவிட்டுப் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். அவன் மட்டும் போகவில்லை. மரத்தைக் கட்டிப்பிடிப்பான். வழுக்குவான். கையை மண்ணில் தேய்ப்பான். சட்டையில் துடைப்பான். மறுபடி கட்டிப்பிடிப்பான். நான் விடாமல் எண்ணினேன். மைக் அண்ணனும் என்னோடு சேர்ந்துகொண்டான்.

"அண்ணாத்த, உன்ன மேல ஏற சொன்னா, நீ மரத்தத் தொடச்சிகினு கீறியே!" என்றான் மைக்கில்.

ஊர் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. விழுந்தவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

பதினொன்று எண்ணும்போது என் தொண்டை கட்டிவிட்டது. பன்னிரண்டு எண்ண வேலை வரவில்லை. மேலே மட்டை ஆடியது. அவன் கை அதில் இருந்தது.

அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். அம்மா விசில் அடித்தாள். அம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

கீழே இறங்கியதும் என்னிடம் ஓடி வந்தான். "நீ மொதல்ல ஆடு மச்சான்," என்று மட்டையை நீட்டினான்.

முதல் பந்திலேயே அவுட் ஆனால்? வேணாம் என்றேன்.

சாயங்காலம் அந்தச் சட்டையை அம்மா கல்லில் போட்டு அடித்தாள். சோப்பு நுரைக்கவே இல்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"நான் பூசின எண்ண பூரா இதுலதான் கீது. அப்பறம் மரத்துல இன்னா இருக்கும்?" என்றார்.

மாமா மகனைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் அவனுக்கு என்று உள்ளே சந்தோஷம்.

இப்போது படூரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். இரண்டாவது முறை திரும்பி வரும்போது, பஸ்ஸில் அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. மூன்றாவது முறையும் போனேன்.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. விளக்கு வைத்ததும் ரஃப் நோட்டை எடுத்தேன். யார் எத்தனை தடவை விழுந்தோம் என்று கணக்கு எழுதினேன். ஜெயித்தது நான்தான் என்று அடியில் கோடு போட்டேன்.

அவன் பதினொன்று. நான் சைபர்.