ரோசி டீச்சருக்கு ஒரு ஹாட் பாக்ஸ்

குக்கர் விசில் கேட்டால் இப்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பக்கத்து வீட்டு அடுப்புதான், பருப்புதான், பட்டப்பகல்தான். ஆனாலும் யாரோ தூங்குகிறார்களே என்று என் கை தானாக எழுந்து காற்றில் எதையோ அமுக்கப் பார்க்கும். ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த புதிதில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் குக்கர் விசிலடித்ததே கிடையாது. ஆவி முட்டிக் குண்டு லேசாக ஆடத் தொடங்கும்போதே என் மனைவி ராமலட்சுமி அடுப்பை அணைத்துவிடுவாள். அரைவேக்காட்டுப் பருப்புக்கு எங்கள் நாக்கு பழகிப்போயிருந்தது.

ஊரில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதை விளங்கச் சொல்ல வேண்டும். வரிசையாக ஒற்றை அறைகள். நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து விழும் நேரத்தில் அடுத்த அறைச் சிவகங்கைப் பையன்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். நான் எழும்போது அவர்கள் வந்து படுப்பார்கள். அதற்கடுத்த அறையில் இருந்த கம்பம் ஆள் எப்போது தூங்குவார் என்று அவருக்கே தெரியாது. அந்த வரிசையில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டே இருந்தார். வெயிலடிக்கிற நடுராத்திரி அது. விளாத்திகுளத்துக்குத் தெற்கே நான் பிறந்த கரிசல்காட்டில் தூரத்தையே குரலால்தான் அளப்பார்கள். ஒரு கூப்பிடு தூரம், இரண்டு கூப்பிடு தூரம் என்று. அந்த மண் எனக்குச் சோறு போடவில்லை. அதை நினைத்து உருகவும் என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தொண்டை கொடுத்திருந்தது. அந்தத் தொண்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இங்கே வாடகைக்கு அறை பிடித்தோம்.

எங்கள் மகள் கனி அந்த அறையில்தான் பேசக் கற்றுக்கொண்டாள். கிசுகிசுப்பில் கற்றுக்கொண்டாள். பசியென்றாலும் கிசுகிசுப்பு, சண்டையென்றாலும் கிசுகிசுப்பு. அழுகையில்கூடச் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைக் குனியச் சொல்லி, காதுக்குள் வாயை வைத்து, “சூதானமா போயிட்டு வாங்கப்பா” என்பாள். அந்த மூச்சின் சூடு கம்பெனி கேட் வரைக்கும் காதில் இருக்கும். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது ரோசி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்திலிருக்கும் வடக்குப்பட்டு ஊர்க்காரர். கல்யாணமாகாதவர், தாயாரோடு இருந்தார். சுண்ணாம்புத்தூள் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்தார்.

“டாக்டராண்ட காட்னீங்களா சார்? பாப்பா வாய்தான் அசையுது. இன்னா சொல்றான்னே தெரியல.”

“வீட்ல நல்லாப் பேசுவா டீச்சர்.”

“எங்க, இப்ப பேசச் சொல்லுங்க.”

நான் குனிந்தேன். கனி என் காதில் ஏதோ சொன்னாள். நான் நிமிர்ந்து, “பாத்தீங்களா, தண்ணி தவிக்குதாம்” என்றேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்காக அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் பிள்ளை பேசிவிட்டாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் என் வேலையைக் கேட்டார், ஷிப்டைக் கேட்டார், வீட்டைக் கேட்டார். ஒற்றைச் செங்கல் சுவரைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

“தொண்டைல ஒண்ணும் இல்ல சார். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்ட விதத்தை ராமலட்சுமி சொல்லித்தான் அறிவேன். பள்ளி விட்டதும் கனியை மைதானத்தின் ஒரு முனையில் நிறுத்தி, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பாராம். கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பாராம். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “கேக்கல! இன்னும் சத்தமா!” கனி இட்லி என்பாள். இன்னும் நாலடி பின்னால் போவார். “கேக்கல!” முதல் சில வாரங்கள் கனி அழுதிருக்கிறாள், சத்தமில்லாமல். அதைப் பார்த்து ராமலட்சுமியும் அழுதிருக்கிறாள். டீச்சர் மட்டும் விடவில்லை. அரைப்பரீட்சைக்குள் இட்லி மைதானத்தைத் தாண்டிவிட்டதாம். கொடிக்கம்பத்துப் புறா பறந்துபோனதாம்.

“அந்த டீச்சருக்கு என்னத்தயாவது குடுக்கணுங்க. வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?” என்றாள் ராமலட்சுமி, கிசுகிசுப்பில்.

நன்றி என்ற சொல் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் மேடைப் பேச்சிலும்தான் உண்டு. வாயால் சொன்னால் அந்நியப்படுத்துவது போலாகிவிடும். கை ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் வாத்தியார் அடுத்த தெருவில் இருப்பார். காட்டில் முதலில் காய்த்த வெள்ளரிக்காயைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. இங்கே என்ன காய்க்கிறது? போல்ட்டும் பிராக்கெட்டும் காய்க்கின்றன. யோசித்துப் பார்த்தேன். ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த ஹாட் பாக்ஸ் பிரிக்காமல் பரணில் இருந்தது. மெரூன் நிறம், பூப்போட்ட மூடி. மூடியில் இருந்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, கலர் பேப்பர் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ரோசி டீச்சர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. தடவிப் பார்த்தார். பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் வகுப்பறை மூலையில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்துகாட்டினார். உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக ஹாட் பாக்ஸ்கள். அத்தனையும் மெரூன். அத்தனையிலும் அதே பூ. ஒவ்வொரு மூடியிலும் ஸ்டிக்கரைச் சுரண்டிய அதே தழும்பு. என்னோடு ஒரே பஸ்ஸில் தோளோடு தோள் சாய்ந்து தூங்கிவருகிற தகப்பன்மார்கள் எல்லாம் எனக்கு முன்னால் வந்துபோயிருந்தார்கள்.

“எங்க வூட்ல நானும் எங்கம்மாவும் ரெண்டே பேரு சார். இத்தினி பொட்டில இன்னாத்த சூடா வெக்கிறது?” என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். “தப்பா எட்த்துக்காதீங்க. நீங்க குட்த்தது ஒண்ணும் கெட்டதில்ல. ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு கத்தி நீங்க கேட்டுக்கீறீங்களா?”

இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. வீட்டில் அவள் அதே பழைய கனிதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். என் பிள்ளையின் குரல் புறாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

“எனக்குப் பொட்டி வேணாம் சார். ஒருநாள் காலைல தூங்காம பிரேயருக்கு வந்து நில்லுங்க. அது போதும்.”

ஒரு திங்கட்கிழமை போனேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, “மாரி, ஓவர்டைம் கீதுப்பா, நில்லேன்” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றேன். “இன்னா, இந்த வயசுல அட்மிஷனா?” என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். எண்ணெய்க் கறையோடு, யூனிபார்மோடு, கண்ணில் மணல் அள்ளிப்போட்ட எரிச்சலோடு பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கொடிக்கம்பத்துக்கு அருகே முன்னால் வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள்.

“ஸ்கூல்! அட்டேன்ஷன்!”

என் கைகால் தானாக விறைத்தது. அது அவள் குரலென்று மூளைக்கு எட்டக் கொஞ்ச நேரமாயிற்று. கொஞ்சம் கரகரப்பு. ஓரத்தில் ஒரு பிசிறு. என் அம்மா காட்டில் நின்று ஆட்களைக் கூப்பிடும்போது வருகிற அதே பிசிறு. யாரும் கற்றுக்கொடுக்காமல் தொண்டைக்குள் எங்கேயோ பதுங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கண் கலங்குவதற்குள் அடுத்த வரி வந்தது; பக்கத்து வரிசைப் பையனைப் பார்த்து, “ஏய், இன்னாடா பாக்கற, லைன்ல நில்லுடா!”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். குரல் எங்கள் கரிசல், பேச்சு இந்த ஊர். என் மகளுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி எங்கள் ஊர்த் தமிழில் கிசுகிசுக்கிறாள். அவளுக்கு வீடு மட்டும்தான். இன்னொருத்தி இந்த ஊர்த் தமிழில் உரக்கக் கத்துகிறாள். அவளுக்கு மைதானம், ரோடு, மீதி உலகம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. என்னைப் போல இங்கே வந்து சேர்ந்த தகப்பன்மார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு பேர் இருக்கக்கூடும். டீச்சருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் போய் அந்த இரண்டாவது ஆளைப் பாருங்கள். டீச்சர் அன்று என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கேட்டருகே நான் நிற்பது அவருக்குத் தெரியும். நிமிர்ந்திருந்த அவர் முதுகு சொன்னது.

அடுத்த மாதங்களில் அந்தக் கேட்டில் வேறு யூனிபார்ம்களும் நின்றன. பஸ்ஸில் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்து நின்றார்கள். பீரோவில் ஹாட் பாக்ஸ் கூடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் வடக்குப்பட்டில் டீச்சர் வீட்டு நிலம் கம்பெனிக்காகப் போனது. வேலை தேடி நாங்கள் வந்த வழியிலேயே அவர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. அரக்கோணத்தில் அண்ணன் வீட்டோடு போகிறார் என்று கேள்விப்பட்டதும் ராமலட்சுமி சொன்னாள்: “நாம போய் பஸ் ஏத்திவிடணும்.” நமக்கு இது தெரியும். தூரம் போகிறவரைத் தனியே பஸ்ஸுக்கு விடமாட்டோம். பையைத் தூக்கிக்கொண்டு போய், சீட் பிடித்து, வண்டி நகரும்வரை ஜன்னலடியில் நிற்போம். மூன்று பேரும் போனோம். தாயாரும் சாமான்களும் மினி லாரியில் முன்னாலேயே போயிருந்தார்கள். டீச்சர் ஒற்றைப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். அரக்கோணத்துக்கு மாறிப்போக வேண்டிய திருவள்ளூர் வண்டி திரும்பும்போதே நான் ஓடிப்போய், தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக சீட்டில் எறிந்தேன்.

“இன்னா சார் இது? வண்டியே காலியா கீது!” என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏறி உட்கார்ந்து துண்டை மடித்துக் கொடுத்தார். “உங்க ஹாட் பாக்ஸ் எல்லாம் யூஸாயிடுச்சு சார். எங்கம்மா ஜெபமாலைலேர்ந்து ஊசிநூல் வரைக்கும் அதுலதான் கட்டிக்கினு போயிருக்குது.”

ராமலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கனி வாயே திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம்; எங்கள் முன்னால் அவளுக்குக் கிசுகிசுப்புதான். வண்டி நகர்ந்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. கனி என் கையை உதறிக்கொண்டு நாலடி ஓடி நின்றாள். மூச்சை இழுத்தாள்.

“டீச்சர்! சூதானமா போயிட்டு வாங்க டீச்சர்!”

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். என் காதுக்குள் மட்டுமே இருந்த சொல் ஹாரனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. இந்தமுறை அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவிக்கவில்லை.

“கேக்குதும்மா! நல்லா கேக்குது!”