லெப்பு கிடந்த சேறு

கடல் வற்றியதும் சுங்கை பினாங் ஆற்றுவாயிலிருந்து கிளம்பும் சேற்று வாடை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட ஏறிவிடும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்த வாடைதான் எங்களுக்கு, "கெராங்" பொறுக்கக் கிளம்பலாம் என்ற சேதி. அம்மாவும் பக்கத்து வீட்டு மைமூன் அக்காவும் அந்தச் சிப்பிகளைப் பொறுக்கிப் பசாரில் விற்பதில்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது.

அதே சேற்றில் "லெப்பு"வும் கிடக்கும். பாசி படிந்து, கல்லைப்போல அசையாமல், ஆள் வந்தால் ஒதுங்கக்கூடத் தெரியாத சோம்பேறி மீன். முதுகு முள்ளில் மட்டும் எமனைக் குடிவைத்திருக்கும். "சேத்துல கால வை, கல்லுல வைக்காத" என்பது கரையில் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. ரப்பர் சப்பாத்து இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

அந்த ஆண்டு தம்பிக்கு வலிப்பு ஓயவே இல்லை. அம்மா தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். தைப்பூசம் முடியும்வரை காலில் எதுவும் அணிவதில்லை என்பதும் அந்த நேர்த்தியில் சேர்த்தி. கோவிலுக்கு வெறுங்காலோடு போகலாம், சேற்றுக்குமா என்று மைமூன் அக்கா மன்றாடிப் பார்த்தார்.

"புள்ளைக்காக வேண்டிக்கிட்டது. ரோட்டுக்கு ஒரு சட்டம், சேத்துக்கு ஒரு சட்டமா லா?" என்று அம்மா இறங்கிவிட்டாள்.

மிதித்துவிட்டாள். வலியில் துடித்தவளின் காலுக்கு நாங்கள் ஐஸ்கட்டி வைத்தோம். சுடுநீரில்தான் அந்த விஷம் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஏற்கெனவே இனிப்பு நீர் வியாதி உள்ள உடம்பு. புண் ஆறாமல் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பால்குடத்தை நான் தூக்குகிறேன் என்றதற்கு, நேர்ந்தவள் கால்தான் மலையேற வேண்டும் என்று மறுத்துவிட்டாள். அந்தத் தைப்பூசத்துக்கு அவள் கட்டிலில் கிடந்தாள். சில மாதங்களில் தம்பியும் ஒரு வலிப்பில் போய்ச் சேர்ந்தான்.

இன்று அந்தச் சேற்றை மண் கொட்டி மூடி மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். கெராங் இல்லை, லெப்பு இல்லை; மைமூன் அக்கா பட்டர்வொர்த்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். விஷமீன் ஒழிந்தது நல்லதுதானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; பழி சொல்லவாவது அது அங்கே கிடந்திருக்கலாம்.

ஏனென்றால் அம்மா அதைக் குறை சொல்வதே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் கேட்கிறாள்:

"சப்பாத்து போட்டிருந்தா வேண்டுதல் கெட்டிருக்கும். போடாம காலு போச்சு. எதச் செஞ்சிருந்தா அவன் இருந்திருப்பான், நீயே சொல்லு."

அவன் வலிப்புக்கும் உன் காலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருமுறை பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்காலு சும்மாவா போச்சு?" என்றாள்.